அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

2024 டிசம்பர் 2, திங்கள்

பெயர்: ஆறுமுகநயினார். வயது: 48. தொழில்: தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் காகிதம் பார்ப்பது. நீச்சல் தெரியுமா: தெரியாது.

முதல் பக்கத்தைப் படிவம் மாதிரி நிரப்பினால்தான் எனக்குக் கை ஓடும். இந்த நோட்டை எழுதச் சொன்னது ஜெனோவா. எனக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கப் போகிற பெண், வயது இருபத்தாறு. "தெனமும் எவ்வளவு நீந்துனீய, எவ்வளவு மிதிச்சீய, எவ்வளவு ஓடுனீய, எல்லாத்தையும் எழுதிருங்க அண்ணாச்சி. எழுதலன்னா செய்யலன்னு அர்த்தம்" என்றாள். இதையேதான் நான் இருபத்துநான்கு வருஷமாகக் கப்பல் கேப்டன்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் இல்லாத சரக்கு கப்பலிலும் இல்லை. பெண் நமக்குச் சரிப்பட்டு வருவாள்.

போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். அதிலே குட்டி வகை ஸ்பிரிண்ட். கடலில் 750 மீட்டர் நீச்சல், கரையேறி 20 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி 5 கிலோமீட்டர் ஓட்டம். இடையில் உட்கார்ந்து டீ குடிக்க வழியில்லை. பிப்ரவரி 23 அன்று எங்கள் ஊர்க் கடற்கரையிலேயே ஒரு சைக்கிள் கிளப் முதல்முறையாக நடத்துகிறது. கடலோர ஊரில் பிறந்து, கப்பலால் சோறு தின்று, முழங்காலுக்கு மேல் உப்புத் தண்ணீர் படாமல் நாற்பத்தெட்டு வருஷம் ஓட்டியவன் அதில் பெயர் கொடுத்திருக்கிறேன்.

காரணம்: சர்க்கரை. "சர்க்கரைக்கு நடந்தாலே போதுமே அண்ணாச்சி" என்றாள் ஜெனோவா. நான் காதில் வாங்கவில்லை.

நீந்தியது: 0. குளத்தின் படிக்கட்டில் நாற்பது நிமிடம் நின்றேன்.
மிதித்தது: 0.
ஓடியது: தெருமுனை நாய் துரத்தியதால் சுமார் 60 மீட்டர். வேகம் நன்று.

டிசம்பர் 4, புதன்

சர்க்கரை காரணமில்லை. நோட்டை ஜெனோவா படிக்கமாட்டாள், தூரத்தை மட்டும் வாயால் சொன்னால் போதும் என்கிறாள். அதனால் எழுதலாம்.

என் மகள் வடிவு சென்னையில் விலங்கியல் படிக்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் ஒரு படிவம் கிடந்தது. கடலுக்கு அடியில் மூழ்கிப் பவளப்பாறை பார்க்கிற பயிற்சி. காகிதத்தைக் கண்டால் படிக்காமல் போகிற புத்தி எனக்கில்லை. 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்று இரண்டு வரி இருந்தது. முதல் வரியில் அம்மா பெயர், செண்பகவல்லி. சரி. இரண்டாவது வரியில் மாமா, அதாவது என் மைத்துனர். அவர் இருப்பது கோவில்பட்டியில். கோவில்பட்டிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ஒருவேளை அங்கே செல்போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் என்னை ஏன் கூப்பிட வேண்டும் என்று அவள் நினைத்திருக்கலாம். 2016இல் மணப்பாட்டுக் கடற்கரையில் அவளை அலை இழுத்தபோது எனக்குக் கால் பிடித்துக்கொண்டது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அடுத்த படிவம் பிப்ரவரி கடைசியில் வருமாம். அதில் என் பெயர் வர வேண்டும். அதற்கு முன்னால் நான் கடலுக்குள் போய்த் திரும்பி வருவதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

நீந்தியது: 0. ஆனால் இடுப்பு வரை இறங்கினேன்.

டிசம்பர் 9, திங்கள்

செண்பகம் கண்டுபிடித்துவிட்டாள். அலுவலகப் பையில் ஈரத் துண்டு இருந்தால் எந்த மனைவிதான் சும்மா விடுவாள்? போட்டியைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"தண்ணிக்குள்ள ஒங்களுக்குக் கால் புடிக்கும்லா? மணப்பாட்ட மறந்துட்டீயளா?"

"அதெல்லாம் ஜெனோவா பாத்துக்கிடுவா."

"அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும் ஒங்க காலப் பத்தி?"

என் காலைப் பற்றிச் செண்பகத்துக்குத் தெரிந்த அளவு எனக்கே தெரியாது. மணப்பாட்டிலிருந்து திரும்பிய வாரம் யாரோ சொன்னார்கள் என்று முருங்கைக்கீரை சூப் ஆரம்பித்தாள். வாரம் இரண்டு தடவை. கூடவே தினம் ஒரு வாழைப்பழம். எட்டு வருஷமாகத் தவறியதில்லை. நான் வெளியூர் போனால் சூப்பை பிளாஸ்கில் ஊற்றித் தருவாள். இன்றிலிருந்து வாரம் நான்கு தடவையாம்.

நீந்தியது: பலகையைப் பிடித்துக்கொண்டு 10 மீட்டர். கீரை: ஒரு டம்ளர்.

டிசம்பர் 13, வெள்ளி

இரண்டு நாளாகப் பேய்மழை. நீச்சல்குளத்தைப் பூட்டிவிட்டார்கள், தெரு குளமாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று "இங்கனயே நீந்திப் பழகலாம்லா அண்ணாச்சி" என்கிறார். செய்தி அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருக்கிறது.

டிசம்பர் 20, வெள்ளி

மிதந்தேன்!

மல்லாந்து படுத்தேன், ஜெனோவா கையை எடுத்துவிட்டாள், எடுத்ததே எனக்குத் தெரியவில்லை. எட்டு நொடி. வானத்தில் ஒரு கொக்கு போனது. வீட்டுக்கு வந்ததும் செண்பகத்திடம் சொன்னேன். "மெதக்கதுக்கு என்ன, கட்டகூடத்தான் மெதக்கும்" என்றாள். ஆனால் தோசை ஒன்று கூடுதலாக விழுந்தது.

ஜெனோவாவிடம் செண்பகம் போனில் பேசிக் கால் விவரத்தைச் சொல்லியிருக்கிறாள். "எந்தக் காலு அண்ணாச்சி புடிக்கும்?" என்று ஜெனோவா என்னிடம் கேட்டாள். இடது கால் என்றேன்.

டிசம்பர் 25, புதன்

ஜெனோவா வீட்டிலிருந்து கேக்கும் ஒரு டப்பா முந்திரி மக்ரூனும் வந்தன. நீந்தியது, மிதித்தது, ஓடியது: எல்லாம் 0. மக்ரூன்: எண்ணவில்லை.

2025 ஜனவரி 5, ஞாயிறு

நிற்காமல் 50 மீட்டர். தவளை நீச்சல்தான். தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேனாம், சந்தையில் ஆளைத் தேடுகிற மாதிரி. பரவாயில்லை, போகிறேன்.

சைக்கிள் பிரச்சினையும் தீர்ந்தது. வடிவு பதினொன்றாம் வகுப்பு படித்தபோது அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிள் மாடியில் கிடந்தது. முன்னால் கூடை, பின்னால் கேரியர், கனமான கனம். எண்ணெய் விட்டு, டியூப் மாற்றி, துறைமுகச் சாலையில் 12 கிலோமீட்டர் மிதித்தேன். கிளப் பையன்கள் விரல் தடிமன் சக்கரத்தில் சர்ரென்று தாண்டிப் போனார்கள். நான் மணி அடித்து வழிவிட்டேன். அவர்கள் சைக்கிளில் மணி கிடையாது, பாவம்.

ஓடியது: 2 கிலோமீட்டர். அதில் பாதி நடை. எழுதிவிட்டேன், பொய் சொல்லக்கூடாது.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

வடிவு வந்திருக்கிறாள். போட்டியைப் பற்றி மூச்சுவிடக்கூடாது என்று செண்பகத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன். நானே சொல்ல வேண்டும்.

பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் அம்மாவிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ராமேஸ்வரம் பக்கம் மூழ்கினார்களாம். ஆறு மீட்டர் ஆழத்தில் ஒரு ஆமை அவளையே பார்த்துக்கொண்டு நின்றதாம். "அப்படியே நானும் மூச்ச மட்டும் விட்டுக்கிட்டு..." நான் கரும்பை எடுக்க உள்ளே போனேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டு, "ப்பா, கரும்ப நான் வெட்டித் தாரேன்" என்றாள். ஆமை அதற்கப்புறம் என்ன செய்தது என்று தெரியவில்லை.

வடிவு நல்ல பிள்ளை. ஒரு நாளும் என்னை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. கடல் பேச்சை மட்டும் நான் வந்தால் எடுத்து வைத்துவிடுவாள், சாப்பிடாதவன் முன்னால் இலையை மடிப்பது மாதிரி.

ஜனவரி 16, வியாழன்

கிளம்பிப் போனாள். சொல்லவில்லை. சைக்கிளைப் பார்த்து, "என்ன இது பளபளன்னு இருக்கு?" என்றாள். துருப்பிடித்துப் போகக்கூடாதே என்று துடைத்ததாகச் சொன்னேன்.

ஜனவரி 26, ஞாயிறு

குளத்தில் இப்போது 400 மீட்டர் வரை போகிறேன் என்பதால் இன்று முதல்முறையாகக் கடல். அலை என்று சொல்ல ஒன்றுமில்லை, தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. ஜெனோவா முன்னால் போனாள். நான் முழங்கால் வரை போனேன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். அவள் திரும்பி வந்தாள்.

"என்ன அண்ணாச்சி?"

"கால் புடிச்சிட்டு."

"எந்தக் காலு?"

"வலது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அன்னைக்கு எடது காலுன்னீய" என்றாள். பிறகு என்னோடு கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் இருவரும் கப்பல்களை எண்ணினோம். எந்தக் கப்பலில் என்ன சரக்கு என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நீந்தியது: 0.

ஜனவரி 27, திங்கள்

கால் பிடிக்கவில்லை.

2016 மே மாதம். வடிவுக்குப் பதினொரு வயது. அலை அவளை இழுத்தபோது எனக்கும் அவளுக்கும் இடையில் ஆறு அடி இருந்திருக்கும். எட்டு வருஷமாக மனசுக்குள் அளந்துகொண்டிருக்கிறேன், ஆறு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முழங்கால் தண்ணீரில் நான் நின்றேன். பயம். அதற்கு வேறு பெயர் கிடையாது. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து பாய்ந்து பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

செண்பகம் மணலில் விழுந்தடித்து ஓடிவந்தாள். "என்னாச்சுங்க?" என்றாள். "கால் புடிச்சிட்டு" என்றேன். வாய் தானாகச் சொன்னது. அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். நனைந்த பிள்ளை பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. அப்படி ஒருத்தி காலைப் பிடித்துவிட்ட பிறகு எப்படி மாற்றிச் சொல்வது?

காகிதத்தில் இல்லாதது நடக்கவில்லை என்று இத்தனை நாள் விட்டிருந்தேன். இப்போது எழுதியாகிவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜெனோவாவிடம் சொன்னேன். சொன்னதும் அவள் அதிர்ச்சி அடையவில்லை. "எங்கப்பா முப்பது வருசமா கடலுக்குப் போறாரு. தெனமும் பயம்னுதான் சொல்லுவாரு. பயந்தா பயம்னு சொல்லணும் அண்ணாச்சி, அப்பத்தான் நான் அதுக்கு ஏத்தாப்ல சொல்லிக்குடுக்க முடியும். நான் ஒரு மாசமா ஒங்க காலுக்குல்லா பாடம் எடுத்துக்கிட்டு இருக்கேன்" என்று திட்டினாள்.

நீந்தியது: கடலில் 40 மீட்டர். நாற்பது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கடலில் 500. கரையேறும்போது அழுகை வந்தது. உப்புத் தண்ணீரில் யாருக்குத் தெரியப்போகிறது?

மிதித்தது: 15. ஓடியது: 4, நடை கலக்காமல். கீரை: ஒரு டம்ளர். செண்பகத்திடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 15, சனி

வடிவுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன். ஆறு தடவை எழுதி அழித்து, கடைசியில் போனது இது: 'வரும் 23ஆம் தேதி ஞாயிறு காலை 7 மணிக்கு நமதூர்க் கடற்கரையில் நடைபெறும் போட்டியில் அப்பா கலந்துகொள்கிறேன். நீச்சலும் உண்டு. வசதிப்பட்டால் வரவும்.' வாசித்துப் பார்த்தால் துறைமுக அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

பதில்: ஒரு கட்டைவிரல் படம்.

கட்டைவிரல் என்றால் வருகிறேன் என்றா, படித்துவிட்டேன் என்றா? அலுவலகத்தில் நாலு பேரிடம் காட்டிக் கேட்டேன். இரண்டுக்கு இரண்டு.

பிப்ரவரி 22, சனி

நாளை. என் எண் 37. சட்டையில் குத்துகிற சீட்டெல்லாம் கிடையாது, கையிலும் கெண்டைக்காலிலும் மார்க்கர் பேனாவால் எழுதுவார்களாம். அதைப் பார்த்து டிக் போடுவார்களாம். பதிவுப் படிவத்தில் 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற இடத்தில் செண்பகம் பெயரை எழுதினேன்.

அடுப்படியில் அவள் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். வீடு முழுக்கக் கோயில் மணம். எனக்குத்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கை வலிக்கிறது, இருந்தாலும் இன்றைக்கே எழுத வேண்டும்.

காலை ஐந்து மணிக்கு என்னை நாற்காலியில் உட்காரவைத்துச் செண்பகம் எண்ணெய் தேய்த்தாள். தொடையிலிருந்து குதிகால் வரை, அழுத்தி அழுத்தி. உள்ளங்கையில் மிஞ்சியதைத் தோளிலும் கையிலும் பூசினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல அது நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடற்கரையில் நம்பர் எழுதுகிற பையனின் பேனா என் மேல் நிற்கவே இல்லை. "என்ன அண்ணாச்சி, தோசக்கல்லுல எழுதுத மாதிரி இருக்கு?" என்றான். மூன்று முறை அழுத்தி எழுதினான். ஒருவழியாக 37 தெரிந்தது.

செண்பகம் நீச்சலைப் பார்க்க நிற்கவில்லை. "என்னால முடியாது. நான் ஸ்டேசனுக்குப் போறேன்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "ஒங்க மகள கூப்பிடத்தான். கட்டவெரல் போட்டாள்லா?" என்றாள். எல்லோருக்கும் புரிந்திருக்கிறது, எனக்குத்தான் இல்லை.

ஏழு மணிக்கு நாற்பத்தொரு பேர் இறங்கினோம். முழங்கால் ஆழத்தில் கால் தயங்கியது. "பயம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் "எனக்கும்தான் சார்" என்றார். இருவரும் விழுந்தோம். அதன் பிறகு எண்ணிக்கைதான். முதல் மிதவை வந்தது. தலையைச் சந்தையில் தேடுகிற மாதிரி தூக்கினேன், இறக்கினேன். இரண்டாவது மிதவையைத் திரும்பும்போது வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிக்கொண்டது.

நிஜமாகவே கால் பிடித்துவிட்டது!

வலி உயிர் போனது. ஆனால் எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. வாயைத் திறந்ததில் அரை டம்ளர் கடல் உள்ளே போனது. காவலுக்கு நின்ற ஃபைபர் படகு பக்கத்தில் வந்தது.

"என்ன அண்ணாச்சி, ஏறுதீயளா?" என்றார் படகுக்காரர்.

"கால் புடிச்சிட்டு."

"அப்ப ஏறுங்க."

"ஏறல. புடிச்சிக்கிட்டு நிக்கேன்."

நிற்கிற படகைப் பிடித்து இளைப்பாறலாம், அது நம்மை இழுத்துப் போகக்கூடாது. விதி அப்படி. நான் கட்டைவிரலை மேலே இழுத்து இழுத்துக் காலைத் தளர்த்தினேன். அவர் போனில் கரைக்கு, "ஒருத்தருக்குக் கால் புடிச்சிட்டு, படகப் புடிச்சிக்கிட்டு இருக்காரு" என்று சொன்னார். கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டு நீந்தினேன்.

கடைசிக்கு முந்திய ஆளாகக் கரையேறினேன். அந்தச் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. நோட்டும் கையுமாக நின்றவர்கள் என்னவோ கேட்டார்கள். காது முழுக்கத் தண்ணீர். கையை ஆட்டிவிட்டு ஓடினேன். நம்பரைக் கேட்டிருக்கிறார்கள். என் மேல் நம்பர் ஒன்றும் இல்லை, கடல் துடைத்துவிட்டது. அவர்கள் பட்டியலில் முப்பத்தேழுக்கு எதிரே டிக் விழவில்லை.

எனக்கு அது எதுவும் தெரியாது. எண்ணெய் உடம்பில் சட்டையை ஏற்றி, கூடை சைக்கிளில் முதல் ஐந்து கிலோமீட்டர் சுற்றைப் போய்க்கொண்டிருந்தேன். நாலு சுற்று. சாலையோரம் நின்றவர்கள் "கூடை சைக்கிள், கூடை சைக்கிள்" என்று கைதட்டினார்கள். மணி அடித்தேன். இப்படி ஒரு காலை என் வாழ்க்கையில் வந்ததில்லை.

முதல் சுற்று முடிந்து கடற்கரைப் பக்கம் திரும்பும்போது மைக் சத்தம் கேட்டது. "முப்பத்தேழாம் நம்பர் இன்னும் கரையேறல. கால் பிடிச்சதா படகுல சொல்லியிருக்காங்க. சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா வாங்க." இரண்டு படகுகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. ஐயோ பாவம், யாரோ என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே கையைப் பார்த்தேன். கையில் எண் எதுவும் இல்லை.

அப்போதுதான் வடிவைப் பார்த்தேன். தோள்பை மணலில் கிடந்தது. செண்பகம் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வடிவு இடுப்பளவு தண்ணீரில், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

பாதையை விட்டு இறங்கினால் ஆட்டம் போய்விடும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிளைப் போட்டேன். மணலில் ஓடினேன். ஷூவோடு தண்ணீரில் இறங்கினேன். முழங்கால் எப்போது தாண்டியது என்று தெரியாது.

"வடிவு! ஏ வடிவு! நான் இங்க நிக்கேன்!"

திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். வந்து என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள்.

"கால் புடிச்சிட்டுன்னு சொன்னாங்கப்பா."

"புடிச்சிச்சி. இன்னைக்கு நெசமாவே புடிச்சிச்சி."

"இன்னைக்கு நெசமான்னா?"

இதற்கு மேல் தள்ள முடியாது. "அன்னைக்குப் புடிக்கலம்மா. மணப்பாட்டுல. நான் பயந்துபோய் நின்னுட்டேன்."

ஒரு சின்ன அலை எங்கள் இருவரையும் தட்டிவிட்டுப் போனது.

"தெரியும்ப்பா" என்றாள். "நான் ஒங்களப் பாத்துக்கிட்டேதான போனேன். கால் புடிச்சவுக குனிவாக. நீங்க நேரா நின்னீய."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"நீங்களே சொல்லுவீயன்னு பாத்தேன். எட்டு வருசமாச்சி."

 அழுதேன். அவளும் அழுதாள். பின்னாலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. சேலை நனைய எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"அப்ப நான் எட்டு வருசமா ஆஞ்ச கீரை?"

அந்த நேரம் பார்த்து ஜெனோவா விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தாள். "ஸ்டாண்டுல சைக்கிள் இருக்கான்னு ஒருத்தனாவது பாத்தானா!" என்று கிளப்காரர்களைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, சைக்கிள எங்க போட்டீயளோ அங்கேருந்தே மறுபடி ஏறலாம். ஆட்டம் முடியல. ஓடுங்க!"

"அது என் சைக்கிள்லா?" என்றாள் வடிவு.

மிச்சம் மூன்று சுற்று. அப்புறம் ஓட்டம், ஒன்றேகால் கிலோமீட்டர் வீதம் நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் செண்பகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் என்னோடு ஓடக்கூடாது என்று விதி இருக்கிறது, திட்டக்கூடாது என்று விதி இல்லை. முதல் சுற்றில், "வாரம் ரெண்டு தடவ! ஒவ்வொரு எலையா!" இரண்டாவது சுற்றில், "பிளாஸ்குல வேற ஊத்திக் குடுத்தேனே!" மூன்றாவது சுற்றில், "அன்னைக்கு புள்ளைய விட்டுட்டு ஒங்க காலப் புடிச்சேனே!" என்றாள், அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. நான் அந்த இடத்தில் நின்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "தப்புதான் செம்பகம்" என்றேன். "ஓடுங்க, ஓடுங்க, வழியில நிக்காதீய" என்றாள்.

நாலாவது சுற்றில் அவள் வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள். வெளியாள் கையிலிருந்து எதையும் வாங்கக்கூடாது. வாங்கவில்லை. அதற்கும் தனியாகத் திட்டு உண்டு என்று தெரிந்தே ஓடினேன்.

முடிவுக்கோட்டில் மேஜை, நாற்காலியை மடக்க ஆரம்பித்திருந்தார்கள். வடிவு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

நீந்தியது: 750. மிதித்தது: 20. ஓடியது: 5.

பிப்ரவரி 24, திங்கள்

படியில் இறங்க முடியவில்லை. பின்பக்கமாக இறங்குகிறேன்.

கிளப்பிலிருந்து முடிவுப் பட்டியல் வந்தது. நம்பர் 37, ஆறுமுகநயினார்: 'நீரிலிருந்து வெளியே வரவில்லை.' கடைசி வரியில் நம்பரும் இல்லை, பெயரும் இல்லை: 'கூடை சைக்கிள், 2 மணி 38 நிமிடம், முடித்தார்.' பழைய தாளைப் பார்த்து யாரோ டைப் அடித்துவிட்டார்களாம். போன் செய்து மன்னிப்புக் கேட்டார்கள், ஒரு மெயில் போட்டால் திருத்தித் தருகிறோம் என்றார்கள். ஒரு எழுத்துப் பிழைக்காகக் கப்பலையே நிறுத்தி வைத்தவன் நான். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் கீரை நிற்கப் போவதில்லை. இப்போதுதான் நிஜமாகவே கால் பிடிக்கிறதே என்கிறாள் செண்பகம். ஆனால் ஆய்வது இனிமேல் நான். இன்று ஒரு கட்டு ஆய்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. இப்படி எத்தனை கட்டு என்று கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

வடிவு நாளைக்குக் கிளம்புகிறாள். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆமை கடைசியில் என்ன செய்தது என்று கேட்டேன். அவள் மூக்குக்கு முன்னால் வந்து ஒரு குமிழி விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாம். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

பிறகு, "ப்பா, ஒங்க போன் நம்பர் கடைசி ரெண்டும் என்ன? நாப்பத்தாறா, அறுபத்து நாலா?" என்றாள்.

"அறுபத்து நாலு. எதுக்கு?"

காகிதத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தாள். என் கண் அதற்கு மேலேயே நின்றுவிட்டது: 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்'. முதல் வரியில் என் பெயர். இரண்டாவது வரியில் செண்பகவல்லி.

"கோவில்பட்டி மாமா?" என்றேன்.

"மாமாவுக்கு நீச்சல் தெரியாதுல்லா" என்றாள்.

நீந்தியது: 0. மிதித்தது: 0. ஓடியது: 0. கையெழுத்து: 1.